சாம்பல் நிறத்தில் காட்டிய அறை

மூன்று வருடத்துக்கு முந்தைய வைகாசி. காஞ்சிபுரத்தில் கருட சேவை நாள். ஊர் முழுக்கக் கூட்டம், பஸ்களை எல்லாம் சுற்றி விட்டிருந்தார்கள். ஏனாத்தூர் போகிற சாலையில், இன்ஷூரன்ஸ் படிவங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற ஒரு சின்ன அலுவலகத்தில் நான் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். அன்று மதியத்தோடு மூடிவிடச் சொல்லியிருந்தார்கள்.

அதற்கு இரண்டு மாதம் முன்னால்தான் எங்கள் அலுவலகத்தில் தானியங்கி விளக்குகள் போட்டிருந்தோம். கூரையில் வட்டமாக ஒரு சென்சார். ஆள் அசைந்தால் விளக்கு எரியும், அசையாவிட்டால் அணைந்துவிடும். எந்த அறையில் ஆள் இருக்கிறது என்று என் போனிலேயே தெரியும். இருந்தால் பச்சை, இல்லாவிட்டால் சாம்பல் நிறம். அசைவு நின்று எவ்வளவு நேரத்தில் அணைய வேண்டும் என்பதற்குக் கம்பெனிக்காரர் பதினைந்து நிமிஷம் வைத்துக் கொடுத்ததை, கரண்ட் மிச்சம் காட்டி மேலதிகாரியிடம் நல்ல பெயர் வாங்க நான்தான் ஐந்து நிமிஷமாகக் குறைத்தேன். யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்கள் தலைக்கு மேல் விளக்கு போய்விடும். கையை ஆட்டி ஆட்டி என்னைத் திட்டுவார்கள். எனக்கோ ஒரே பெருமை.

இந்த சென்சாரை முழுசாக நம்பாத ஒரே ஆள், அலுவலகத்தைச் சுத்தம் செய்கிற அக்கா. ஐம்பது வயசு இருக்கும், முன்பு தறி வேலைக்குப் போனவர். சென்சார் வருவதற்கு முன் சாயங்காலம் அவர்தான் விளக்குகளை நிறுத்துவார். ஒவ்வொரு அறை வாசலிலும் நின்று, "உள்ள யாருனா இருக்கீங்களாபா? லைட்டை நிறுத்தப் போறேன்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கூவுவார். காலி அறையிலும் கூவுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன்.

"தறிக்கு அடியில குனிஞ்சு இழை முடிஞ்சுக்கினு இருந்தா வெளிய நிக்கறவங்களுக்குத் தெரியாதுமா. சத்தம் குடுத்துட்டுத்தான் நிறுத்துவோம். பழகிப்போச்சு."

சென்சார் வந்ததும், "இனிமே கூவ வேணாம்கா, ஆள் இருந்தா அதுக்கே தெரியும்" என்று சொல்லிவிட்டேன். அவர் கூரையை ஒருமுறை அண்ணாந்து பார்த்தார். "அதுக்குத் தெரியுமா? சரி, தெரிஞ்சா நல்லதுதான்" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார். எனக்குச் சிரிப்புதான் வந்தது.

கருட சேவை அன்று காலையில் காபி கொடுத்தபோது வேண்டாம் என்றார். "பெருமாளைப் பாக்குற வரைக்கும் பச்சைத் தண்ணி கூடக் கெடயாதுமா." நானும் சரியென்று, போவதற்குள் ஆவண அறை அலமாரிகளைத் தூசி தட்டிவிடச் சொன்னேன். அவர் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர் என்பது எனக்குத் தெரியும். அப்போது அது நினைவுக்கு வரவில்லை.

ஒன்றே கால் மணிக்கு எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். போனைப் பார்த்தேன். எல்லா அறையும் சாம்பல் நிறம். அக்கா எப்போதோ போயிருப்பார் என்று நினைத்துக் கதவைப் பூட்டி, ஷட்டரையும் இழுத்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறினேன். செவிலிமேட்டில் எங்கள் வீடு. வழியில் தடுப்பு போட்டிருந்ததால் பாதியில் இறங்கி, ஒரு நீர்மோர்ப் பந்தல் ஓரம் கூட்டத்தில் நின்றேன். மணி பார்க்கப் போனை எடுத்தால், ஆவண அறை பச்சையாக இருக்கிறது.

பூட்டிய அலுவலகம், ஜன்னல் இல்லாத அறை, சாவி என் கைப்பையில். திருடனா? எலியாக இருக்குமோ? பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அணைந்தது. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் பச்சை. மறுபடியும் சாம்பல்.

அப்போதுதான் பளிச்சென்று உறைத்தது. அக்கா! அவர் நம்பருக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. இன்னொரு முறை போட்டேன். ஆட்டோக்காரர்கள் யாரும் வரமாட்டேன் என்றார்கள். சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறவர், காலையிலிருந்து பட்டினி, உள்ளே வைத்துப் பூட்டிவிட்டேன் என்று நான் அழுகிற குரலில் கெஞ்சுவதைக் கேட்டுப் பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்த ஒருவர், யார் எவர் என்றே கேட்காமல் பைக்கை எடுத்தார்.

"சக்கரை ஆளா? பட்டினியா?" என்றார். ஆமாம் என்றேன். "சக்கரை எறங்கியிருக்கும்" என்று திரும்ப ஓடிப்போய் ஒரு பாட்டிலில் பானகம் பிடித்து வந்து, "ஏறுமா, போயிக்கினே பேசிக்கலாம்" என்றார்.

அந்தப் பத்து நிமிஷம் எனக்குப் பத்து வருஷம். சந்து சந்தாகப் போனார். நான் பின்னால் உட்கார்ந்து போனையே பார்த்தபடி இருந்தேன். சாம்பல், சாம்பல், சாம்பல். பச்சை வரவே இல்லை. அறை காலி என்று அது சொல்கிறது. காலி இல்லை என்று எனக்குத் தெரியும். அசைவதற்கு அங்கே தெம்பில்லை, அல்லது… அதற்கு மேல் நினைக்கப் பயந்து, "பெருமாளே, பெருமாளே" என்று சத்தமாகவே சொல்லிக்கொண்டு வந்தேன்.

அலுவலக வாசலில் இறங்கியதும் சாவியை அவரிடம் நீட்டினேன். அவர்தான் வாங்கித் திறந்தார். இருட்டான ஹாலில் நாங்கள் ஓட ஓட, தலைக்கு மேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. ஆவண அறைக் கதவைத் தள்ளினேன். எனக்காக அங்கேயும் விளக்கு எரிந்தது. கடைசி அலமாரிக்குப் பின்னால், தூசித் துணியோடு அக்கா சரிந்து கிடந்தார். உடம்பு முழுக்க வியர்வை. கண் பாதி திறந்திருந்தது.

கூப்பிட்டதும் "ம்" என்றார். அந்த ஒரு சத்தத்துக்கு நான் ஓவென்று அழுதேன். தலையை மடியில் தூக்கி வைத்தேன். முழுங்க முடிகிறதா என்று பார்த்துப் பார்த்து அந்த மனிதர் பானகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தார். நான் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டேன். அது வருவதற்குள் அக்காவுக்குப் பேச்சு வந்துவிட்டது.

"மயக்கமா வந்துதுமா. முழிச்சுப் பாத்தா ஒரே இருட்டு. கையை ஆட்டினா லைட்டு வந்துது. அப்புறம் கையைத் தூக்கவே முடியல" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, ஏதோ அவர்தான் தப்பு செய்துவிட்ட மாதிரி கேட்டார்: "நீ சத்தம் குடுத்திருப்பியேமா. எனக்குத்தான் காதுல உழல போலக்குது."

"ஆமாக்கா, குடுத்தேன்" என்று சொல்லிவிட்டேன். அந்த நேரத்தில் வேறு சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை.

இரண்டு நாளில் அக்கா தேறி வந்துவிட்டார். பைக்கில் கூட்டி வந்தவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை. ஐந்து நிமிஷத்தை மறுநாளே பழையபடி பதினைந்தாக மாற்றினேன். இப்போதும் தினமும் பூட்டுவதற்கு முன், எல்லா அறையும் சாம்பல் நிறத்தில் இருந்தாலும், ஒவ்வொரு வாசலிலும் நின்று "உள்ள யாருனா இருக்கீங்களா?" என்று கூவுகிறேன். புதிதாகச் சேர்ந்தவர்கள் சிரிக்கிறார்கள். அக்கா மட்டும் சிரிப்பதில்லை, கடைசி அறையிலிருந்து "நான் இருக்கேம்மா" என்று பதில் குரல் கொடுக்கிறார். அந்தப் பதிலைக் கேட்கும்போதெல்லாம், அன்றைக்கு நான் சத்தம் கொடுக்கவே இல்லை என்பதை இன்னும் அவரிடம் சொல்லாதது நெஞ்சில் குத்துகிறது.