இரண்டாம் தடவை

எங்கள் ஆர்கெஸ்ட்ராவில் சினிமாப் பாட்டு கிடையாது, மேற்கத்திய செவ்விசை மட்டும்தான். பிரெஞ்சு வாசம் இன்னும் போகாத எங்கள் உப்பளம் பேட்டையில் அதைப் பல வருடமாக நடத்திவரும் அகஸ்டினா மதாம் அதற்கும் ஒருபடி மேலே போனவர். ஒவ்வொரு நிகழ்ச்சியிலும், இன்று உயிரோடிருக்கும் ஒருவர் எழுதிய புது இசை ஒன்று கட்டாயம் வேண்டும் அவருக்கு. “செத்தவங்க எழுதினதையே வாசிச்சிட்டிருந்தா, இருக்கறவங்க யாருக்கு எழுதுவாங்க?” என்பார். வயலின் வாசிக்கும் எனக்கே அது லேசில் பிடிபடாது.

அதையும் இரண்டு தடவை வாசிக்க வைப்பார், இடைவேளைக்கு முன் ஒன்று, கடைசியில் ஒன்று. முதல் தடவை ஜனங்கள் மிரளுவார்கள், இரண்டாவதில்தான் கேட்பார்கள் என்பது அவர் கணக்கு. ஆரம்பத்தில் இடைவேளையிலேயே அரங்கம் காலியாகிவிடும். வெறும் நாற்காலிகளுக்கும் அதே அக்கறையோடுதான் நடத்தினார்.

போகாமல் உட்கார்ந்து திட்டியவர் ஒருவர்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் விக்டர். “பெரிய மார்க்கெட்ல மீன் ஏலம் விடற மாதிரி இருக்குது, மதாம்” என்பார். “அடுத்த தடவையும் வாங்க, முசியே” என்பார் மதாம்.

போன மாதம் மழையில் கரண்ட் போய் நிகழ்ச்சி தாமதமானது. வருடங்கள் போகப்போகக் கூட்டம் சேர்ந்து, அன்று அரங்கம் நிறைந்திருந்தது. நேரமாகிவிட்டதே என்று மதாம் இரண்டாம் தடவையை விட்டுவிட்டு, நன்றி சொல்லி, எங்களை நடத்தும் குச்சியைக் கீழே வைத்தார். நான் வயலினைப் பெட்டியில் வைக்கப் போனேன். முன்வரிசையில் விக்டர் எழுந்தார்.

“இன்னொரு தடவை எங்க, மதாம்?”

“உங்களுக்குத்தான் புடிக்காதே, முசியே.”

“இப்பவும் புடிக்கல. அதுக்காக அரைகுறையா கேட்டுட்டு வீட்டுக்குப் போவ முடியுமா?”

வேறு யாரும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. மதாம் குச்சியை எடுத்தார்.