கிறகோரியாரும் சிவப்பு யமஹாவும்

குருநகர்க் கிறகோரியாருக்கு ஐம்பத்தாறு வயதுவரை சைக்கிள்கூட ஓடத் தெரியாது. வாசலில் இருந்து நாலு எட்டு வைத்தால் கடல். பிறகு சைக்கிள் எதற்கு? அப்படிப்பட்டவர் எண்பத்து நாலாம் ஆண்டு மாசி மாதம், அரியாலையில் இருந்த என் மோட்டார் சைக்கிள் கடைக்கு வந்து, "செல்வரட்ணம், எனக்கொரு மோட்டார் சைக்கிள் வேணும்" என்றார். பகிடி விடுகிறார் என்றுதான் நினைத்தேன்.

பகிடி இல்லை. பருத்தித்துறையில் வாழ்க்கைப்பட்ட மகள் மக்டலீன் முதல் பேரனைப் பெற்றிருந்தாள். நினைத்த நேரம் போய்ப் பார்க்க வேண்டும், பஸ்ஸுக்குக் காத்துநிற்க அவருக்குப் பொறுமை கிடையாது.

வாத்திமார் ஓடும் கறுப்பு எம்.டி. தொண்ணூறு மோட்டார் சைக்கிள் ஒன்றைக் காட்டினேன். ஏறி இருந்தார், இறங்கினார், முகத்தில் ஒரு சலனமும் இல்லை. அந்த நேரம் பார்த்து, வேறொருவர் கேட்டாரென்று மூலையில் நின்ற சிவப்பு யமஹாவை ஸ்டார்ட் செய்தேன். ஹாண்டில் தாழ்ந்து, சீற்றின் பின்பக்கம் உயர்ந்த றேஸ் சாதி. கிறகோரியார் கண்ணை மூடிக்கொண்டு நின்றார்.

"தம்பி, உது எங்கடை வள்ளத்து எஞ்சின்ரை சத்தமெல்லோ!"

உண்மைதான். இரண்டும் பெற்றோலில் ஒயில் கலந்து எரிக்கிற எஞ்சின். புகை மணமும் ஒன்றுதான்.

"அண்ணை, இது இளந்தாரியள் ஓடுற சாமான். இடுப்புப் போயிடும்."

"கடலிலை போகாத இடுப்போ?" என்றவர், சிவப்புக்கே காசை எண்ணி வைத்துவிட்டுப் போனார்.

அன்று பின்னேரமே அவர் மனைவி லூர்த்தம்மா வந்துவிட்டார். "தம்பி, ரெண்டு கிழமையிலை பேரனுக்கு ஞானஸ்நானம். அதுக்குள்ளை இவர் ஒழுங்கா ஓடிக் காட்டினா நான் பின்னாலை ஏறுவன். இல்லாட்டி உதைத் திருப்பி எடுத்துக்கொண்டு அந்தக் கறுப்பைத் தாரும்."

நான் சம்மதித்தேன். வண்டி திரும்பி வரும் என்பதில் எனக்கு எள்ளளவும் சந்தேகம் இருக்கவில்லை.

கடலேரிக் கரையில் வெறுமையாகக் கிடந்த வெட்டையில் பழக்கினேன். அலையில் நின்று பழகிய மனிதருக்குச் சமநிலை இரண்டே நாளில் வந்தது. திரும்புவதுதான் வரவில்லை. வள்ளத்தின் பின்னால் இருந்து எஞ்சின் பிடியை வலப்பக்கம் தள்ளினால் வள்ளம் இடப்பக்கம் போகும். இருபது வருடம் அப்படிப் பழகிய கை. இடப்பக்கம் திரும்பச் சொன்னால் ஹாண்டிலை வலப்பக்கம் ஒடிப்பார். மூன்று தரம் கடலேரிக்குள் இறங்கினார். முழங்காலளவு தண்ணீரில் நின்ற அவரைப் பார்த்து, "அண்ணை, வலையையும் கொண்டு வந்திருக்கலாமே!" என்று கரையில் நின்ற மீனவர்கள் சிரித்தார்கள். நான் வாயில் வந்தபடி கத்தினேன்.

ஞானஸ்நானத்துக்கு முதல் நாள் சனிக்கிழமை, கிறகோரியார் சாரத்தின் நுனியால் பெற்றோல் ராங்கைத் துடைத்தார். "கடையிலை கொண்டுபோய் விடும் தம்பி" என்றார். அந்தக் குரலைக் கேட்க எனக்கு நெஞ்சு பொறுக்கவில்லை. கத்தியதற்காக என்னை நானே நொந்துகொண்டேன்.

பார்க்க வந்த லூர்த்தம்மா எதையும் யோசிக்கவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு பின்னால் ஏறி இருந்தார்.

"இஞ்சேருங்கோ, வள்ளமெண்டா நீங்கள் இப்ப இருக்கிறது எந்த இடம்?"

கிறகோரியார் முன்சில்லைப் பார்த்து யோசித்தார். "முன்பக்கம். அணியம்."

"அணியத்திலை இருக்கிறவன் எஞ்சின் பிடிக்கிறவனோ? அவன் வழியைத்தானே பாக்கிறவன்? எஞ்சின்காரி பின்னாலை இருக்கிறன். நீங்கள் போற பக்கம் பாருங்கோ, அது காணும்."

லூர்த்தம்மா அவர் தோளில் கையை வைத்தார். வண்டி புறப்பட்டது. கிறகோரியார் இடப்பக்கப் பனையைப் பார்த்தார். வண்டி இடப்பக்கம் திரும்பியது. வலப்பக்கம் பார்த்தார், வலப்பக்கம். நான் வெட்டை நடுவில் துள்ளிக் குதித்தேன். சிரித்த மீனவர்களே கை தட்டினார்கள்.

பருத்தித்துறைக்குப் போக அரியாலைப் பக்கம் வரத் தேவையே இல்லை. ஆனாலும் ஞாயிறு காலை என் கடை வாசலில் வந்து நின்றார்கள். அவர் வெள்ளைச் சேர்ட்டில், லூர்த்தம்மா கூறைச் சேலையில், மடியில் பேரனுக்கு ஒரு பார்சல்.

"கறுப்பு இன்னும் நிக்குது, அக்கா" என்றேன், சும்மா ஒரு சேட்டைக்கு.

"அதை வாத்திமாருக்குக் குடும்" என்றவர், வண்டி மெல்ல நகரப் புருசனின் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். "என்ன ஊருறியள்? முறுக்குங்கோ, பிள்ளை பாத்துக்கொண்டிருக்கும்!"