கீதா கேட்கும் எட்டாவது கேள்வி

"ஜெரோமண்ணே, கல்யாண சீன்ல ஹீரோ உள்ள வர்றப்ப வாட்ச்சு இடது கையில கீது. தாலி கட்றப்ப எங்க கீது?"

வாக்கி டாக்கி கரகரத்தது. பனிக்குள் எங்கிருந்தோ ஒரு சிரிப்பு. "ஹீரோ கையில இல்லம்மா, மாமனார் கையில!"

"கரீட்டு" என்றார் கீதா. வலைக்கொட்டகைச் சுவரில் மாட்டிய கரும்பலகையில், ஜெரோம் என்ற பெயருக்கு நேரே சாக்பீஸால் ஒரு கோடு விழுந்தது.

மார்கழிப் பனி இறங்கிவிட்டால் பசியாவரம் தீவைச் சுற்றி ஏரி இருக்கிறதா இல்லையா என்பதே சந்தேகம். கரையில் நிற்பவருக்குத் தன் கால் தெரிந்தால் அதிர்ஷ்டம். விடியுமுன் கிளம்பிய படகுகள் அதற்குள்தான் எங்கோ இருக்கும். கீதா ஒவ்வொன்றாகக் கூப்பிட்டுக் கேள்வி கேட்பார். சரியான பதில் வந்தால் கோடு. தப்பென்றால் கோடு கிடையாது; யார் கெஞ்சினாலும் கிடையாது.

கீதாவுக்கு முப்பத்தெட்டு வயது. இறால் ரகம் பிரிக்கும் வேலை. விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். படம் பார்த்தால் கதையைப் பார்க்க மாட்டார். அழுகிற கதாநாயகியின் ஒரு காதில் கம்மல் காணாமல் போனதைப் பார்ப்பார். "கதை யாருக்கு சார் வேணும்? பின்னால நிக்கிறவன் இன்னா பண்றான்னு பாருங்க. அவன்தான் நெசம்."

ஆளுக்கொரு பாடம் உண்டு. ஜெரோமுக்கு சினிமா. வேலுவுக்கு வீடியோ கேம்: "மூணாவது பாலத்துக்குக் கீழ பின்பக்கமா நீந்துற மீனு இன்னா கலரு?" துளசிங்கத்துக்குப் பழைய பாட்டு: "ரெண்டாவது சரணத்துக்கு முன்னாடி இருமறது ஆம்பளையா, பொம்பளையா?" ஒருவர் கேள்வி இன்னொருவருக்குப் போகாது. ஊரைப் பற்றி எழுத வந்த முதல் நாள் இதையெல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டே நோட்டில் 'நல்ல பொழுதுபோக்கு' என்று எழுதிவைத்தேன். என்னைப் போல ஓர் அசடு உண்டா?

இரண்டு வருஷத்துக்கு முன்னால் கேள்வியெல்லாம் இல்லை. பெயரைக் கூப்பிடுவார். "கீறேன்" என்று குரல் வந்தால் கோடு. அப்படி ஒரு பனிக் காலையில் தன் கணவரைக் கூப்பிட்டார். "ஜெகதீஸ்வரன்?"

"கீறேன்."

கோடு போட்டுவிட்டு வீட்டுக்குப் போய் உலை வைத்தார். பத்து மணிக்குப் பனி விலகியபோது முகத்துவாரத்தில் கணவரின் படகு கவிழ்ந்து கிடந்தது. விடிவதற்கு முன்பே கவிழ்ந்திருக்கும் என்றார்கள். ஆள் கிடைக்கவே இல்லை. அப்படியானால் பதில் சொன்னது யார்? மற்ற ஏழு பேரும் கோயில் வாசலில் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்தார்கள், நான் இல்லை, நான் இல்லை என்று.

"நான் கோடு போட்டதாலதான் சார் ஒருத்தரும் தேடிப் போவல" என்றார் கீதா. இறாலைப் பிரிக்கும் கை நிற்கவில்லை. "கொரலு யாருக்கு வேணும்னாலும் வரும். பதிலு அவனவனுக்குத்தான் தெரியும்."

பலகையில் இன்றும் எட்டுப் பெயர்கள். ஏழு படகும் கரை சேர்ந்து, ஏழு வாக்கியும் சார்ஜ் போட அவர் கைக்குத் திரும்பிய பிறகு எட்டாவது கேள்வி வரும். ஜெகதீஸ்வரனின் பாடம் காமிக்ஸ். கேள்வி மாறுவதே இல்லை. "முகமூடிக்காரன் கடைசிக் கட்டத்துல கையில இன்னா வச்சிருப்பான்?" கேட்டுவிட்டு உதட்டுக்குள் பத்து வரை எண்ணுவார். பிறகு அணைத்துவிடுவார்.

காமிக்ஸ் விஷயத்தில் எனக்குத் தலைக்கனம் உண்டு. அந்தப் புத்தகம் என் அலமாரியிலேயே இருக்கிறது. "கத்தி!" என்று முந்திரிக்கொட்டையாகச் சொன்னேன்.

கீதா முதல் தடவையாகச் சிரித்தார். "உங்க பொஸ்தகத்துல கத்தி. இவரு பொன்னேரி பழைய பேப்பர் கடையில வாங்கினது, கடைசிப் பக்கமே இல்ல. இவரா வரைஞ்சு ஒட்டிட்டாரு. என்னாண்ட மட்டும் காட்டினாரு. பொஸ்தகமும் அவரு வாக்கியும் அன்னிக்குத் தண்ணியோட போச்சு."

என்னதான் வரைந்தார் என்று கேட்டேன். தலையை ஆட்டிவிட்டார். "சொன்னா, பாவம்னு எவனாச்சும் வாக்கியில சொல்லிருவான். இன்னொரு தபா ஏமாற மாட்டேன்."

நான் கிளம்ப வேண்டிய நாளன்றும் நல்ல பனி. ஏழு படகும் வந்துவிட்டன. ஏழு பேரும் கொட்டகைக்குள் என் எதிரே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய வாக்கிகள் ஏழும் அலமாரியில் வரிசையாகச் சிவப்பு விளக்கு எரிய நின்றன. கீதா தன் கையில் இருந்ததில் எட்டாவது கேள்வியைக் கேட்டார். பத்து வரை எண்ணினார். அணைக்கக் கட்டைவிரலைக் கொண்டுபோனார்.

இரைச்சல் சட்டென்று நின்றது. தண்ணீருக்கு மிக அருகிலிருந்து பேசுகிற மாதிரி ஒரு குரல்.

"நண்டு."

வேலுவின் டம்ளர் வாய்க்குப் பாதி வழியில் நின்றது. நான் எண்ணிப் பார்த்தேன். ஏழு பேர். அலமாரியில் ஏழு வாக்கி. இன்னொரு தடவையும் எண்ணினேன். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

கீதா எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. ஊறி வெளுத்த விரல்களைப் புடவையில் துடைத்து, சாக்பீஸை எடுத்து, எட்டாவது பெயருக்கு நேரே நிதானமாக ஒரு கோடு போட்டார்.