மெர்சி பூசை

சர்ச்சோட பங்கு ஆபீஸ்ல பூசைக் கருத்து, அதாவது யாருக்காக எதுக்காகப் பூசைன்னு எழுதறது சுலபமான வேலைன்னு நினைக்கிறவங்க, ஒரு காலையில என் நாற்காலியில உக்காந்து பாருங்க. நோட்டுல மூணே கட்டம்: நன்றி, வேண்டுதல், இறந்தவர். எதிர்ல வந்து நிக்கிறவங்க மனசு அந்த மூணுக்குள்ள அடங்காது. கவுன்டர்ல உக்காந்து பேர் எழுதற எல்லாருக்கும் இந்தப் பாடு தெரியும்.

செத்துப்போன மெர்சி

நான் விழுப்புரத்துப் பக்கத்துப் பொண்ணு. கல்யாணமாகி முதலியார்பேட்டைக்கு வந்து, இந்த வேலையில சேர்ந்த முதல் வாரம். நெல்லித்தோப்புல இருந்து அருளப்பன் ஐயா போன் பண்ணார். பிரெஞ்சு வாத்தியாரா இருந்து ரிட்டயர் ஆனவர். நாளைக்குக் காலையில மெர்சி பூசை ஒண்ணு போட்டுக்கம்மான்னார். குரல் தழுதழுத்தது. யாரு, என்ன உறவுன்னு கேக்க எனக்கு மனசு வரல. இறந்தவர் கட்டத்துல மெர்சின்னு எழுதிட்டேன்.

மறுநாள் ஃபாதர் மைக்ல, மறைந்த மெர்சியின் ஆன்ம இளைப்பாற்றிக்காகன்னு வாசிச்சார். என் பேரும் மெர்சிதான். பூசை முடியறதுக்குள்ள என் மாமியாருக்கு ரெண்டு பேர் போன் பண்ணி துக்கம் விசாரிச்சுட்டாங்க. ஐயா ஆபீசுக்கு வந்தப்புறம்தான், பிரெஞ்சுல மெர்சின்னா நன்றின்னு எனக்குத் தெரிஞ்சுது. அவர் சம்சாரம் லூர்துமேரி அம்மாவுக்குப் பக்கவாதம். உயிர் பிழைச்சிருக்காங்க, பேச்சு மட்டும் போயிடுச்சு. திரும்புமான்னு டாக்டருக்கே தெரியல. பேச்சு போனதுக்கா நன்றின்னு வாய் தவறிக் கேட்டுட்டேன். அவர் கோவிச்சுக்கல.

"ஆள் இருக்காளேம்மா."

சுண்டுவிரல்

அப்புறம் வெள்ளிக்கு வெள்ளி வந்தார். கஞ்சி புரையேறாம இறங்கினதுக்கு நன்றி. வலது கை சுண்டுவிரல் அசைஞ்சதுக்கு நன்றி. செத்துப்போன மெர்சி கதையைச் சொன்னப்போ அம்மா வாய் ஓரமா சிரிச்சதுக்கும் ஒரு நன்றி. எனக்கு எரிச்சல்தான் வந்தது. இதையெல்லாம் மைக்ல வாசிச்சா ஜனங்க சிரிக்க மாட்டாங்களா? 'பெற்ற நன்மைகளுக்காக'ன்னு சுருக்கி எழுதி அனுப்பிட்டேன். அடுத்த வெள்ளி முறைச்சுக்கிட்டே வந்து நின்னார்.

"பொதுவா சொன்னா எதுக்குன்னு ஆண்டவருக்கு எப்படித் தெரியும்? சுண்டுவிரல்னு எழுது."

திட்டுப் பூசை

ஒரு வெள்ளி வந்து உக்காந்தவர் நோட்டை மூடி வெச்சுட்டுப் பேச ஆரம்பிச்சார். நான் பேனாவும் கையுமா இருந்தேன். நாப்பது வருஷம் வாய் ஓயாம அவரை விரட்டின பொம்பள, இப்போ தண்ணி வேணும்னா கரண்டியால கட்டிலைத் தட்டறாளாம். நம்பிக்கையா இருங்கன்னு சொல்ற சொந்தக்காரங்களைப் பாத்தாலே பத்திக்கிட்டு வருதாம். டீ வாங்கிட்டு வந்து கொடுத்தேன். குடிச்சுட்டு எழுந்தார்.

"ஆண்டவரைத் திட்டறதுக்குத் திட்டுப் பூசைன்னு ஒரு கட்டம் இருந்தா, இன்னிக்கு என் பேரை அதுல போட்டுக்க."

அவர் போனப்புறம் நன்றிக் கட்டத்துல நானே எழுதினேன்: ஐயா டீ குடிச்சதுக்கு. பொதுவா எழுதக் கூடாதுன்னு அவர்தானே சொன்னார்.

எந்த மெர்சி

போன ஞாயித்துக்கிழமை அம்மாவை சக்கர நாற்காலியில வெச்சுக் கூட்டிக்கிட்டு வந்தார். ஆபீஸ் படியில நாற்காலி ஏறல. நானும் ஒரு பக்கம் பிடிச்சுத் தூக்கி உள்ள வெச்சேன். நழுவின முந்தானையை அம்மா தோள்ல சரி பண்ணி விட்டேன். என்னையே பாத்தாங்க. உதடு ரெண்டு தரம் கூடிப் பிரிஞ்சுது. மூணாவது தரம் தெளிவா, மெர்சின்னாங்க.

ஐயா சுவத்தைப் பிடிச்சுக்கிட்டு அழுதார். நானும் அழுதேன். என் பேரைச் சொன்னாங்களா, நன்றி சொன்னாங்களான்னு ரெண்டு பேருக்கும் விளங்கல. எதுன்னு கேட்டா, அம்மா திரும்பவும் அதையேதான் சொன்னாங்க. ஐயா கண்ணைத் துடைச்சுக்கிட்டு நோட்டைக் காட்டினார்.

"எழுதும்மா. மெர்சிக்காக ஒரு மெர்சி பூசை."

இந்தத் தடவை மாமியாருக்கு முன்கூட்டியே போன் பண்ணிச் சொல்லிட்டு, சரியான கட்டத்துல எழுதினேன்.