வால் குறைந்த நாகம்

இன்னொருத்தியின் கையை அப்படியே வாங்கிக்கொண்டு நெய்கிற துணி, நெய்தவளுடையதா, அந்தக் கைக்குச் சொந்தக்காரியுடையதா? ஓன்சாவைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் இந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறேன். எங்கள் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு மூங்கில் வேலிதான். நடந்ததைப் பெரும்பாலும் அதன் மேலாகப் பார்த்தேன். விடை மட்டும் இன்னும் பிடிபடவில்லை.

ஓன்சா மலைமேல் உள்ள கம்மு இனத்தாரின் ஊரில் பிறந்தவள். அங்கே பெண்கள் கூடை முடைவார்கள், தறியில் உட்கார்வதில்லை. ஆற்றங்கரையில் இருக்கும் எங்கள் லாவோ இனத்து ஊரில், தூண்கள்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில் தறி இல்லாவிட்டால் அந்த வீட்டில் பெண் இல்லை என்று பொருள். கல்யாணத்தில் மணப்பெண் தன் கையால் நெய்த துணியை மாமியாருக்கு மண்டியிட்டுக் கொடுக்க வேண்டும். தோங்தாமைக் கட்டிக்கொண்ட அன்று ஓன்சா சந்தையில் வாங்கிய துணியைக் கொடுத்தாள். மாமியார் மே வொன் வாங்கி வைத்துக்கொண்டாள். பிறகு ஏழு வருஷம் மருமகளைத் தறியைத் தொட விடவே இல்லை.

தோங்தாமின் தங்கை பெட்மணிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவள் தன் வருங்கால மாமியாருக்கான தோள்துணியைப் பாதி நெய்திருந்தபோது, சாயம் போட்ட பட்டு நூலை ஆற்றில் அலசப் போய், பாறையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். கல்யாணத்துக்கு இருபத்தாறு நாள் இருந்தது. மே வொன்னுக்குக் கண்ணில் புரை. வெளியாளைக் கூப்பிட்டால் ஊருக்கே தெரிந்துவிடும். மணப்பெண்ணின் துணியில் வேறு கை பட்டது தெரிந்தால், மாப்பிள்ளை வீட்டில் அவள் பேச்சுக்கு ஆயுசுக்கும் மதிப்பிருக்காது.

"அப்ப நான் உக்காரட்டுமா?" என்றாள் ஓன்சா.

மே வொன் வெற்றிலையை மென்றுகொண்டே, "உக்காரு. வேற யாரு இருக்கா?" என்றாள். அது அனுமதியா அலுப்பா என்று சொல்ல முடியாது.

பெட்மணி கையைக் கழுத்தோடு கட்டித் தொங்கவிட்டுக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, ஓன்சாவுக்கு முப்பத்து மூன்று. தறிக்கு மேல் வரிசையாகச் செருகிய மூங்கில் குச்சிகளில்தான், துணியில் வர வேண்டிய நாகத்தின் உருவம் இருக்கும். ஒரு குச்சிக்கு ஒரு வரி. குச்சியை இறக்கி, விரிந்த பாவு இழைகளுக்குள் கலர் நூலை விரலால் கோத்து, குறுக்கு நூல் ஏந்திய நாடாவை ஓட்டி, இழை நெருங்க அச்சுச் சட்டத்தை இழுத்து அடிக்க வேண்டும். துணியின் முதுகுதான் நெய்பவளைப் பார்க்கும். முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கீழே கைக்கண்ணாடி பிடிக்க வேண்டும்.

ஓன்சாவின் கை கூடை முடைந்த கை. சட்டத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள்.

"அண்ணி, அது கூடை இல்ல. தண்ணி ஒழுகக் கூடாதுன்னு யாரும் கேக்கல."

"தளர்ந்து போயிட்டா?"

"போகாது. கண்ணாடிய வச்சுப் பாரு. நாகம் மாதிரியா இருக்கு? மிதிபட்ட பல்லி!"

மேலே மே வொன் சிரிக்கும் சத்தம் கேட்டது. இறங்கி வந்து, துணியின் மேல் விரலை ஓட்டினாள். பெட்மணியின் நெசவு முடிந்து ஓன்சாவின் நெசவு தொடங்கிய இடத்தில் விரல் நின்றது. "இங்க நிக்குது," என்றாள். "மாப்பிள்ளையோட அம்மாவுக்குக் கண்ணும் நல்லாருக்கு."

முழம் அளவுக்கு நெய்ததை ஓன்சா இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தாள். நெய்யும்போது கற்றுக்கொள்ளாததைப் பிரிக்கும்போது கற்றுக்கொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். பெட்மணி நெய்த பகுதியைக் கண்ணாடியில் பார்த்துப் பார்த்து, அவள் சட்டத்தை அடிக்கும் விதத்தை ஓன்சா கண்டுபிடித்தாள். முதல் அடி கனம், இரண்டாவது சும்மா தொடுவது போல. அது நல்ல அடி என்று சொல்ல மாட்டேன். துணி கொஞ்சம் தொளதொளவென்றுதான் வரும். ஓன்சா அதையே அடித்தாள்.

கண்ணாடியில் இன்னொன்றும் தெரிந்தது.

"பெட்மணி, உன் நாகத்துக்கெல்லாம் வால்ல ஒரு படி குறையுதே?"

பெட்மணி முகம் சிவந்தாள். "பதினேழாவது குச்சிய விட்டுட்டுப் போயிடுவேன். பழகிப்போச்சு. அம்மாவுக்குக் கண்ணு தெரிஞ்சிருந்தா முதுகுல ரெண்டு வச்சிருக்கும். நீ சரியாப் போடு அண்ணி."

"நான் சரியாப் போட்டா ரெண்டு பேரு நெய்ஞ்சதுன்னு தெரிஞ்சுடாதா?"

ஒவ்வொரு நாகத்திலும் பதினேழாவது குச்சி வரும்போது ஓன்சாவின் கை அதை எண்ணித் தாண்டியது. கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்பு துணி தறியிலிருந்து இறங்கியது. மே வொன் ஒரு முனையிலிருந்து மறு முனை வரை விரலை ஓட்டினாள். விரல் எங்கும் நிற்கவில்லை. திரும்பவும் ஒரு முறை ஓட்டிவிட்டு மேலே போனாள்.

கல்யாணத்தன்று எல்லோர் மணிக்கட்டிலும் வாழ்த்து நூல் கட்டி முடிந்ததும் பெட்மணி மண்டியிட்டுத் துணியை நீட்டினாள். துணியை முடித்த பிறகுதான் கை முறிந்தது என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லியிருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அதை வெளிச்சத்தில் பிடித்து, திருப்பி, மறுபடி திருப்பினாள்.

"வாலு குறையுதேம்மா?"

பெட்மணி தலை கவிழ்ந்தாள். சோற்றுக்கூடையோடு நின்ற ஓன்சா அப்படியே நின்றாள்.

"அவசரக்காரி," என்றாள் அந்த அம்மாள். "ஆனா எல்லா வாலும் ஒரே மாதிரி குறையுது. சரி, ஒரே கை." துணியைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலை மே வொன் மேலேயிருந்தபடியே கத்தினாள்: "தறி சும்மாதான கெடக்கு, பாவு போட ஒருத்திக்கும் தோணலயா?" கேட்க வீட்டில் இருந்தது ஒருத்திதான்.

அது நடந்து பதினோரு வருஷமாகிறது. ஓன்சா இன்று ஊரில் நன்றாக நெய்கிறவர்களில் ஒருத்தி. ஊரில் சிலரைப் போல அவளை இதற்கு மேல் புகழ எனக்கு மனம் வரவில்லை. குச்சிகள் முழுமையாக இருக்கின்றன, அவளுக்குச் சரியான கணக்கும் தெரியும். ஆனாலும் அவள் நாகங்களுக்கெல்லாம் வாலில் ஒரு படி குறைவு. தலைநகரிலிருந்து துணி எடுக்க வருகிறவர் வாலைச் சரியாகப் போடும்படி இரண்டு முறை சொல்லிப் பார்த்தார்.

போன புத்தாண்டுக்குப் பெட்மணி பிள்ளைகளோடு வந்திருந்தாள். தறிக்கடியில் குனிந்து கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தாள்.

"நானே அந்தக் குச்சிய இப்ப விடுறதில்ல அண்ணி. இன்னும் யாருக்காக விடுற?"

ஓன்சா பதினாறாவது குச்சியை இறக்கி, நூலைக் கோத்து, முதல் அடியைக் கனமாகவும் இரண்டாவதைச் சும்மா தொடுவது போலவும் அடித்தாள். பிறகு பதினெட்டாவது குச்சிக்குக் கையை நீட்டினாள்.