மஞ்சள் வேட்டியில் ஒரு சிட்டிகைத் தூள்

என் தாய்மாமாவால் அடுத்தவர் வேலையில் கைவைக்காமல் இருக்க முடியாது. ஆடிக் கிருத்திகைக்கு முந்தின நாள் நகரியிலிருந்து காவடியோடு வந்தவர், வழியில் பஸ் டயர் பஞ்சரானதும் ஜாக்கி பிடிக்க இறங்கிவிட்டார். திருத்தணியில் எங்கள் வீட்டுக்குள் நுழைந்தபோது அவருடைய மஞ்சள் வேட்டியின் முன்பக்கம் முழுக்கக் கருப்பு கிரீஸ்.

"வெரதத்துல இருக்கிறவன் ஜாக்கி புடிச்சிகினு இருந்தியா? டிரைவரு இன்னாடா பண்ணான்?" என்றாள் அம்மா.

"அவன் பீடி புடிச்சிகினு இருந்தான்க்கா."

அம்மா சிரிக்கவில்லை. மாமாவுக்குக் கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்துப் பிறந்த பிள்ளைக்கான வேண்டுதல் அந்தக் காவடி. பச்சைக் குழந்தையோடு வீட்டில் தங்கிவிட்ட அத்தை, தன் கையால் மஞ்சளில் நனைத்துக் கொடுத்த வேட்டி. வேறு வேட்டி கட்டி மலையேற மாட்டேன் என்றார் மாமா. அவர்கள் வீட்டு வழக்கப்படி விரதத் துணியில் சோப்பும் படக்கூடாது.

அம்மா பூந்திக்கொட்டைகளைத் தட்டி வெந்நீரில் ஊறவைத்துப் பிசைந்தாள். நுரை பொங்கியது. கிரீஸ் அசையவில்லை. மாமா வாசலில் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அம்மா அவரைப் பார்த்தாள். பிறகு சோப்புத் தூள் பாக்கெட்டை முந்தானைக்குள் மறைத்து எடுத்துவந்து, ஒரு சிட்டிகையை அந்த நுரைக்குள் போட்டாள். என்னைப் பார்த்து உதட்டில் விரல் வைத்தாள். நான் அப்போதே அதிகம் பேசாதவன். அவளுக்கு அந்தக் கவலை வேண்டியதில்லை.

தேய்க்கத் தேய்க்க நுரை சாம்பல் நிறமானது. கிரீஸ் கழன்று வந்தது. ஆனால் வேட்டி அங்கங்கே குங்குமமாய்ச் சிவந்தது. முருகன் கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். அம்மா பதறவில்லை. ஊறுகாய்க்கு வாங்கி வைத்திருந்த எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தண்ணீரில் பிழிந்து வேட்டியை முக்கினாள். சிவப்பு போய் மஞ்சள் திரும்பிவிட்டது. மஞ்சளில் சோப்பு பட்டால் சிவக்கும் என்பது அந்த வீட்டில் எனக்கு மட்டும்தான் புதிது.

"கிரீஸ எட்த்தது காயா, தூளாம்மா?" என்று கிசுகிசுத்தேன்.

"ரெண்டும் சேந்துதான். வாய மூடு."

எனக்கு ஆறவில்லை. சைக்கிள் செயினில் கந்தலைத் தேய்த்து, டம்ளர்களில் முக்கிப் பார்த்தேன். பூந்திக்கொட்டைத் தண்ணீரில் கறை அப்படியே இருந்தது. எங்கள் போர்வெல் உப்புத் தண்ணீரில் ஒரு சிட்டிகைத் தூள் மட்டும் போட்டால் நுரையே நிற்கவில்லை. இரண்டையும் கலந்த டம்ளரில்தான் கந்தல் வெளுத்தது. ஏன் என்று கேட்க ஆள் இல்லை. என் படிப்பும் ஐந்தாவதோடு நின்றுபோனது.

மறுநாள் படியேறும்போது காற்றில் மாமாவின் வேட்டி நுனி புரண்டது. எலுமிச்சை எட்டாத மடிப்பில் விரலகலத்துக்குச் சிவப்பு. மாமா குனிந்து பார்த்தார். காவடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் அந்த நுனியை இடுப்பில் செருகினார்.

"இன்னாக்கா, வெறும் பூந்திக்கொட்டையிலயே இம்மாம் வெளுத்துகிது!" என்றார் உரக்க.

"ஆங்" என்றாள் அம்மா, கோபுரத்தைப் பார்த்தபடி.

மாமா நன்றாக ஏமாந்துவிட்டார் என்று, உச்சிப் படிவரை நான் சிரிப்பை அடக்கிக்கொண்டே ஏறினேன்.