தகர ஷெட்டில் ஒரு ஐஸ் பெட்டி

கனடாவுக்கு வந்த முதல் குளிர்காலத்தில் ஒரு நாள் காலை, கராஜில் இருந்த ஃப்ரிட்ஜின் மேலறையைத் திறந்தேன். உறைய வைத்திருந்த மீன் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. வெளியே முழங்கால் உயரத்துக்குப் பனி. பக்கத்து வீட்டு எர்ல், ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வந்து எட்டிப் பார்த்து "டூ கோல்டு" என்றார். மீனைச் சொல்கிறார் என்று நினைத்து, "இல்லை, உருகிவிட்டது" என்றேன். அவர் சிரித்துக்கொண்டே மறுபடியும் "டூ கோல்டு" என்றார். கராஜே குளிர்ந்து கிடப்பதால், கீழறையில் உள்ள தெர்மோஸ்டாட் இந்தக் குளிர் போதும் என்று மோட்டாரை ஓடவிடுவதில்லையாம். கீழறையில் ஒரு சின்ன பல்பை எரியவிட்டார். அதன் சூட்டில் கொஞ்ச நேரத்தில் மோட்டார் ஓடத் தொடங்கியது.

ஐஸ் பெட்டிக்குச் சூடு காட்டும் ஊர் இது. எழுபதுகளின் கடைசியில் தேனியில் நானும் மதினியும் பட்ட பாடு இதற்கு நேர் எதிர். அண்ணன் இறந்த மறு வருஷம் செல்வமணி மதினி, மூணாறு எஸ்டேட் பங்களா ஒன்றில் கழித்துப்போட்ட ஃப்ரீசரை வாங்கி வந்தார். கப் ஐஸ்கிரீம் செய்து விற்கப்போவதாகச் சொன்னார். வீட்டு வாசலில் அது நுழையவில்லை. அண்ணனின் ஜீப் நின்ற தகர ஷெட்டில் இறக்கினோம். மாசி வரை ஒழுங்காக ஓடியது. சித்திரையில் மோட்டார் தொட முடியாத சூட்டில் நின்று நின்று ஓடியது, ஐஸ்கிரீம் கூழாகிவிட்டது. பெரியகுளத்துக் கல்யாணம் ஒன்றுக்கு முந்நூறு கப் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தோம். நான்கு நாள்தான் இருந்தது.

"கம்ப்ரசர் போச்சுக்கா. மதுரைக்குத்தேன் கொண்டு போகணும்" என்று மெக்கானிக் கையை விரித்துவிட்டார்.

மதினி ஃப்ரீசருக்குப் பின்னால் தலையை நுழைத்துப் பார்த்தார். "ஏ புள்ள, இங்கன வந்து பாரு. மூக்கப் பொத்துனா நாம மூச்சு விடுவமா?"

எதிரே பருத்தி அரவை ஆலை. அங்கிருந்து பறந்து வந்த பஞ்சு, பின்புறக் கம்பிச் சுருள் முழுக்கக் கம்பளி போல அப்பியிருந்தது. பெயின்ட் பிரஷ்ஷால் ஒரு மத்தியானம் முழுக்கத் துடைத்தோம். ஃப்ரீசரைச் சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்தோம். காற்று வரப் பக்கத் தகரம் ஒன்றைக் கழற்றினோம். கூரைமேல் தென்னங்கீற்றைப் பரப்பி, வேளாவேளைக்குத் தண்ணீர் தெளித்தோம். மோட்டார் சூடு தணிந்து பழையபடி ஓடியது. பெட்டிக்குள்ளே, முந்நூறு கப்புக்கும் அடியில், காலி டப்பாக்களில் தண்ணீர் ஊற்றி உறைய வைத்தோம். கரண்ட் போனாலும் அந்தக் கட்டிகள் குளிரைத் தாங்கிப் பிடிக்கும் என்று மதினி கணக்குப் போட்டார்.

கல்யாணத்தன்று காலை எட்டு மணிக்கே கரண்ட் போனது. மாப்பிள்ளையின் தாய்மாமா சரக்கைப் பார்த்துவிட்டுப் போக வந்தார்; நேரே மூடியில் கை வைத்தார்.

"தொடாதீக அண்ணே. தொறந்தா வெயிலு உள்ள போயிரும்."

"உருகிக் கெடந்தா? நாலு பேரு முன்னால எங்க மானந்தேன் போகும்."

"மானம் எனக்குந்தேன் இருக்கு. பதினோரு மணிக்கு வேன் வரட்டும், நானே தொறக்கேன்" என்ற மதினி, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மூடிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டார். மூன்று மணி நேரம் இறங்கவில்லை. தாய்மாமாவும் போகவில்லை. ஷெட் வாசலில் நடந்துகொண்டே இருந்தார்.

வேன் வந்ததும் மூடியைத் தூக்கினோம். வெள்ளைப் புகை முகத்தில் அடித்தது. கப் ஒவ்வொன்றும் கல்லாக இருந்தது. பெரியகுளம் போய்ச் சேர்ந்தும் பந்தியில் மரக்கரண்டி இறங்கவில்லை. தாய்மாமா இரண்டாவது கப்போடு வந்து, "ஆத்தா, பல்லெல்லாம் கூசுது" என்று மதினியிடம் முறையிட்டார். ஊரெல்லாம் பேர் பரவ அந்த ஒரு பந்தி போதுமாக இருந்தது. நான் கல்யாணமாகி இங்கே கிளம்பியபோது ஷெட்டில் மூன்று ஃப்ரீசர்கள் ஓடின.

பல்பு விஷயத்தை மதினிக்கு எழுதினேன். "குளுருல ஐஸ் உருகுதாக்கும்? எதுக்கும் பின்னால தூசி இருக்கான்னு பாரு" என்று பதில் வந்தது. பார்த்தேன், இருந்தது.

இப்போது இந்த ஊர்த் தமிழர் வீடுகளில் ஃப்ரீசர் நின்றால் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். போன வாரம் ஒரு வீட்டுக் கராஜில், கனத்த கோட்டோடு குனிந்து சுருளைத் துடைத்து நிமிர்ந்தேன். நெற்றி வியர்வையை ஒற்றக் கை தானாகத் தலைப்பைத் தேடிப் போனது. வியர்வை இல்லை, சேலையும் இல்லை. என் மூச்சு மட்டும் புகையாகப் போய்க்கொண்டிருந்தது.